கொல்லைப்புற நீச்சல் குளம்: ஒரே தண்ணீரை வருஷம் முழுக்க வைத்திருப்பது

பெங்களூரில் வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி தண்ணீரைப் பற்றித்தான் வரும். "அவ்வளவு தண்ணிக்கு எங்கே போறீங்க?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: குளத்தை மழைத் தண்ணீரால் நிறைக்கிறோம், அடுத்த மழைக்காலம் வரை அதே தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றித்தான் குளத்தைச் சுத்தமாக வைக்க முடியும் என்றால், இந்த ஊரில் அந்தக் குளம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் மாற்றவே தேவையில்லை. அதற்கான வழியைத்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது தரைக்கு மேல் நிற்கும் குளம். சுற்றிலும் இரும்புக் குழாய்ச் சட்டம், அதில் தொங்கும் தடித்த பிவிசி உறை. பன்னிரண்டு அடி விட்டம், இரண்டரை அடி உயரம். சொன்ன அளவுக்கு நிறைத்தால் 6,500 லிட்டர் பிடிக்கும். 2024 தொடக்கத்தில் வாங்கினோம். அந்த மார்ச் மாதம் பெங்களூரில் இருந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போர்வெல்கள் வற்றின, டேங்கர் கட்டணத்துக்கு அரசே வரம்பு நிர்ணயிக்க வேண்டி வந்தது, நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் தடை போட்டது. எங்கள் குளம் பெட்டியோடு பரணில் ஏறியது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். எனக்கு அந்தத் தடை சரி என்றே பட்டது. குடத்தோடு வரிசையில் நிற்பவர்கள் இருக்கிற தெருவில் ஆறாயிரம் லிட்டரில் நீந்த மனம் வராது.

மழை பிடித்த பிறகுதான் குளம் கீழே இறங்கியது. கணக்கு எளிது. எங்கள் மொட்டை மாடி ஆயிரம் சதுர அடி. 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2,300 லிட்டர் விழும். சிந்தியது, முதல் அழுக்குத் தண்ணீர் என்று கழித்தால் 1,800 லிட்டராவது கைக்கு வரும். பெங்களூரில் செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். நாலு நல்ல மழையில் குளம் நிறைந்துவிடும். 2009இல் சட்டத் திருத்தம் வந்ததிலிருந்து 2,400 சதுர அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதனால் பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாயும் வடிகட்டியும் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து ஒரு வால்வு வைத்துப் பின்பக்கம் திருப்புவது ஒரு நாள் பிளம்பர் வேலை. முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மாடித் தூசி, பறவை எச்சம், காய்ந்த இலை எல்லாம் அதில்தான் வரும்.

மழைத் தண்ணீரை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கள் போர் தண்ணீரைச் சோதித்தபோது கடினத்தன்மை, அதாவது கரைந்திருக்கும் சுண்ணாம்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டியது. குடிநீருக்கு 200க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லை என்றால் 600 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்தத் தண்ணீரைக் குளத்தில் விட்டால் வெயிலில் நீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. மேலே மேலே நிரப்ப நிரப்ப உப்பு ஏறிக்கொண்டே போகும். உறையில் சொரசொரப்பான வெள்ளைப் படலம், வடிகட்டியில் கல் மாதிரி அடைப்பு. இரும்புச் சத்துள்ள போர் தண்ணீராக இருந்தால் குளோரின் போட்ட உடனே டீத் தண்ணீர் நிறத்துக்கு மாறும். கரைந்திருந்த இரும்பு துருவாகப் பிரிந்து வருவதுதான் அது. மழைத் தண்ணீரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

குறையும் உண்டு. மழைத் தண்ணீரில் காரத்தன்மை மிகக் குறைவு. அப்படிப்பட்ட தண்ணீரில் எதைப் போட்டாலும் பி.எச்., அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், தாறுமாறாக ஏறி இறங்கும். இதற்கு மருந்து சமையலறையிலேயே இருக்கிறது: ஆப்ப சோடா. எங்கள் குளத்துக்கு முக்கால் கிலோ தேவைப்பட்டது. அதுவே காரத்தன்மையை 80 பி.பி.எம். பக்கம் கொண்டுவந்துவிட்டது. பி.பி.எம். என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், அவ்வளவுதான். ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தவணையாக, ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துச் சுற்றி ஊற்றினோம்.

குளத்தை எங்கே வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மொட்டை மாடியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்கவே கூடாது. ஆட்கள் நடமாடும் மாடித்தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்று கணக்கிட்டுத்தான் வழக்கமாக வீடு கட்டுகிறார்கள். அறுபது சென்டிமீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 600 கிலோ அழுத்தும். நாலு மடங்கு. என்ஜினியர் வந்து பார்த்துத் தனியாகக் கணக்குப் போட்டுக் கொடுக்காத வரை தரைதான் இடம்.

தரையிலும் சும்மா விரித்துவிட முடியாது. ஆறரை டன் எடை உட்காரப் போகிறது. எங்கள் பின்பக்கம் பார்வைக்குச் சமமாகத்தான் தெரிந்தது. ரசமட்டக் குழாய் பிடித்துப் பார்த்தபோது ஒரு ஓரம் மூன்று அங்குலம் தாழ்வு. தாழ்ந்த பக்கம் மண் கொட்டாமல் உயர்ந்த பக்கத்தைச் செதுக்கிச் சமன் செய்தோம். புதிதாகக் கொட்டிய மண் பாரத்தில் உள்வாங்கும். சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு சாதரஹள்ளிக் கல் துண்டு பதித்தோம். கல்லை எடுத்து, வேரை எடுத்து, மணலைப் பரப்பினோம். அதிலும் கோரைப் புல்லை விடக் கூடாது. கோரையின் குருத்து ஊசி மாதிரி நேராக மேலே வரும், பிவிசியைத் துளைத்துவிடும். அருகம்புல் கூட மக்கிப் போகும். கோரை, கிழங்கோடு தோண்டி எடுத்தால்தான் போகும். அப்புறம் பழைய ஃபிளெக்ஸ் பேனர்களை இரண்டு அடுக்காக விரித்து, அதன் மேல் குளம்.

சரி, இனி தண்ணீர். தினசரி வேலை உண்மையில் பத்து நிமிடம்தான். ஆனால் அதை நிஜமாகவே தினசரி செய்ய வேண்டும்.

பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் ரொம்ப வருஷமாகக் குளம் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். குளம் வைத்த புதிதில் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தண்ணீரைப் பார்க்கவே இல்லை. முழங்கை வரை கையை விட்டு, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உறையைத் தடவினார். "தெளிவா இருக்குன்னு நம்பிடாதம்மா. சுவரைத் தடவிப் பாரு. கை நின்னா சரி. வழுக்குச்சுன்னா பாசி உள்ள வந்தாச்சுன்னு அர்த்தம், நாளைக்கு மறுநாள் பச்சையாகும்" என்றார். இதைவிட நல்ல சோதனை எனக்கு இதுவரை தெரியவில்லை. நிழல் விழும் பக்கம், ஏணி தொடும் இடம், உறையின் மடிப்புகள், இந்த மூன்று இடத்திலும் முதலில் வழுக்கும். வழுக்கினால் நைலான் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, அன்றைக்குக் குளோரினைக் கூட்டிப் போட வேண்டும். கம்பி பிரஷ் உறையைக் கீறிவிடும், தொடவே கூடாது.

கையால் பார்த்த பிறகு சோதனைப் பெட்டி. கடையில் மலிவாகக் கிடைப்பது மஞ்சள் நிறம் காட்டும் வகை. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வேலை செய்து ஓய்ந்துபோன குளோரினும் அதில் சேர்ந்துவிடும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகையை வாங்குங்கள். விலை கொஞ்சம் அதிகம், ஆனால் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்லும். எங்கள் வீட்டில் இது மகளின் வேலை. சின்னக் கண்ணாடிக் குழாயில் முழங்கை ஆழத்திலிருந்து தண்ணீர் மொண்டு, மாத்திரையை நசுக்கிப் போட்டு, வெள்ளைக் காகிதத்தின் முன் பிடித்து நிறத்தை ஒப்பிடுவாள். பன்னீர் ரோஜா நிறம் வந்தால் அன்றைக்குக் குளிக்கலாம். குளோரின் 1 முதல் 3 பி.பி.எம்.க்குள், பி.எச். 7.2 முதல் 7.6க்குள். இந்த இரண்டு எண்களும் சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

பி.எச். ஏன் முக்கியம் என்றால், குளோரினின் பலம் அதைப் பொறுத்தது. 7.5இல் போட்ட குளோரினில் பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8 ஆகிவிட்டால் நாலில் ஒரு பங்குகூட இருக்காது. பி.எச். ஏறியிருக்கும்போது இன்னும் இன்னும் குளோரின் போடுவது வீண். முதலில் பி.எச்.சை இறக்க வேண்டும். இதற்குக் குளியலறை கழுவும் ஆசிட்டை நான் வாங்குவதில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு. தூளாக வரும் சோடியம் பைசல்பேட்டைத்தான் பயன்படுத்துகிறேன்.

இப்போது நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: எந்தக் குளோரின்?

கடைக்குப் போனால் முதலில் கையில் கொடுப்பது 200 கிராம் மாத்திரை. மிதவையில் போட்டு விட்டால் போதும், தானே கரையும், கவலையே இல்லை என்பார்கள். பெரிய குளத்துக்கு அது சரியாக இருக்கலாம். 6,500 லிட்டருக்கு அது பொருந்தவே பொருந்தாது. அந்த மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்து வருகிறது. கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பது இதைத்தான். கொஞ்சம் இருந்தால் நல்லது, வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும். 30 முதல் 50 பி.பி.எம். போதும். அதற்கு மேல் போனால் குளோரினையே கட்டிப்போட்டுவிடும். சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், தண்ணீர் பச்சையாகும். எங்கள் அளவுக் குளத்தில் ஒரு மாத்திரை முழுக்கக் கரைந்தால் சயனூரிக் அமிலம் சுமார் 17 பி.பி.எம். ஏறும். மூன்று மாத்திரையில் 50 வந்துவிட்டது. நாலாவது, ஐந்தாவது போட்டால்? குளோரின் செலவாகிவிடும், இந்த அமிலம் போகாது. வடிகட்டியும் எடுக்காது, வெயிலும் எடுக்காது. தண்ணீரைக் கொட்டினால்தான் போகும். "மாதத்துக்கு ஒரு முறை தண்ணி மாத்தணும்" என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மாத்திரையிலிருந்துதான் கிளம்புகிறது என்பது என் கணிப்பு.

அதனால் நாங்கள் மழைக்காலம் முடிந்து தண்ணீர் நிலைத்த பிறகு ஸ்டெபிலைசரைத் தனியாக வாங்கி, 200 கிராம், ஒரே ஒரு முறை போடுகிறோம். 30 பி.பி.எம். வந்துவிடும். சட்டென்று கரையாது, பழைய காலுறையில் கட்டித் தண்ணீர் உள்ளே வரும் வாய்க்கு முன்னால் தொங்கவிட வேண்டும். அதன் பிறகு தினமும் ஹைப்போ எனப்படும் திரவக் குளோரின். பத்து சதவீதம் உள்ள ஹைப்போ 65 மில்லி ஊற்றினால் எங்கள் குளத்தில் 1 பி.பி.எம். ஏறும். வெயில் நாளில் 130 மில்லி, குளிர்காலத்தில் அதில் பாதிகூடத் தேவைப்படுவதில்லை. ஹைப்போ பழசாக ஆக வீரியம் குறையும், வெயில் பட்டால் இன்னும் வேகமாகக் குறையும். சின்னக் கேனாக வாங்கி, நிழலில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது.

வெள்ளைக் குருணையாக வரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் வைத்திருக்கிறேன். 65 சதவீதம் உள்ளதில் 10 கிராம் என்றால் 1 பி.பி.எம். இது போகப் போகத் தண்ணீரில் சுண்ணாம்பைச் சேர்க்கும். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பே இல்லாததால் எங்களுக்கு இடையிடையே இது பரவாயில்லை. போர் தண்ணீர்க் குளத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பிளீச்சிங் பவுடரும் இதே குடும்பம்தான், ஆனால் வீரியம் பாதி, அடியில் சுண்ணாம்பு வண்டல் படியும்.

ஒன்றை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். குருணையையும் மாத்திரையையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில், ஒரே மிதவையில் சேர்க்கவே கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும். சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். குளோரினோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு. எப்போதும் வாளியில் முதலில் தண்ணீர், அதற்குள் மருந்து. மாற்றிச் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் வேறு வேறு அலமாரியில், பிள்ளைகள் கை எட்டாத உயரத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்திருக்கிறோம்.

குளோரின் போடும் நேரம் சாயங்காலம், விளக்கு வைத்த பிறகு. ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் உச்சி வெயில் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் குளோரினைத் தின்றுவிடும். இரவில் போட்டால் முழுதும் கிருமியிடம் வேலை செய்யும். இதை வைத்தே ஒரு சோதனையும் செய்யலாம். இருட்டிய பிறகு ஒரு முறை அளந்து, விடியுமுன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை, குளிப்பவரும் இல்லை. அப்படியும் 1 பி.பி.எம்.க்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் ஏதோ குளோரினைச் சாப்பிடுகிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பாசி தொடங்கிவிட்டது.

எங்கள் தண்ணீர் ஒரு தடவை பச்சையானது. மே மாதத்தில் காற்றும் மழையுமாக அடித்து, மரக்கிளை விழுந்து, எங்கள் தெருவில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பம்பு ஓடவில்லை, புங்கை இலை குளம் நிறைய. கரண்ட் வந்தபோது அடி தெரியவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் "கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடியுங்கள்" என்றார்கள். கொட்டவில்லை. முதலில் வலையால் இலை முழுவதையும் வாரினோம். இலை கிடக்கும்போது குளோரின் போட்டால் அது இலையோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். பி.எச்.சை 7.2க்கு இறக்கினோம். அப்புறம் சாயங்காலம் குளோரினை 10 பி.பி.எம்.க்கு ஏற்றி, சுவரைத் தேய்த்து, பம்பை நிறுத்தாமல் ஓடவிட்டோம். காலையில் அளந்து, குறைந்ததை மறுபடி ஏற்றினோம். முதலில் பச்சை போய்ப் பால் கலந்த மாதிரி வெளிர்சாம்பலாக மாறியது. பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கொட்டிவிடுகிறார்கள். அது செத்த பாசி. வடிகட்டிக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கழுவிப் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த வாரத்துக்குள்ளேயே தெளிந்துவிடும். கடைசியில் மிச்சமிருந்த மங்கலுக்குப் படிகாரம் போட்டேன். குடத்துத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரைப்பார்களே, அதே வேலைதான். ஆயிரம் லிட்டருக்கு 40, 50 கிராம் கரைத்து ஊற்றி, கலக்கி, பம்பை நிறுத்தி, இரவு முழுக்கத் தண்ணீரை அசையவிடாமல் வைத்தால் விடியும்போது எல்லாம் அடியில் பஞ்சு மாதிரி படிந்திருக்கும். அந்தப் படிவைக் குழாய் வைத்து உறிஞ்சி நேராக வெளியே விட வேண்டும், வடிகட்டி வழியாக விட்டால் அடைத்துக்கொள்ளும். நூறு, நூற்றைம்பது லிட்டர் போனது. மீதி ஆறாயிரம் லிட்டர் தப்பியது.

வடிகட்டி பற்றி. எங்களுடையது காகித மடிப்பு மாதிரி இருக்கும் கார்ட்ரிட்ஜ் வகை, பம்பு மணிக்குச் சுமார் 2,000 லிட்டர் சுற்றும். அதாவது மொத்தத் தண்ணீர் ஒரு சுற்று வர மூன்றேகால் மணி நேரம். கோடையில் ஆறு மணி நேரம் ஓட்டுகிறோம், குளிரில் மூன்று. மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்கி மாற்றி மாற்றிப் போடுகிறோம். ஒன்று ஓடும், ஒன்று ஊறும், ஒன்று காயும். கழுவும்போது மடிப்பை விரலால் விரித்து, மேலிருந்து கீழாகக் குழாய்த் தண்ணீரைச் சாய்த்துப் பீச்ச வேண்டும். நேராகப் பீச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே ஏறும். பெங்களூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: பங்குனி, சித்திரையில் புங்கை பூக்கும். அரிசிப்பொரி அளவுக்கு இருக்கும் அந்த வெளிர் ஊதாப் பூ வலைக் கண்ணில் நிற்காது, மிதந்து போய்க் கார்ட்ரிட்ஜ் மடிப்புக்குள் ஒவ்வொன்றாகச் செருகிக்கொள்ளும். அந்த வாரங்களில் தினமும் கழுவியே ஆக வேண்டும். பூக்கும் மரத்தை வெட்டும் யோசனை மட்டும் வேண்டாம். மேலே ஒரு பச்சை நிழல்வலை கட்டினால் போதும், வெயிலும் குறையும்.

குளிக்க வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் உண்டு. தேங்காய் எண்ணெய் வைத்த தலையோடு நாலு பிள்ளைகள் இறங்கினால் மறுநாள் தண்ணீர் மட்டத்தில் பழுப்பு வளையம் தெரியும். ஈரத் துணியில் ஆப்ப சோடாவைத் தொட்டுத் தேய்த்தால் வளையம் போய்விடும். கார்ட்ரிட்ஜில் ஏறிய எண்ணெய் லேசில் போகாது. எண்ணெய்க் குளியல் நாளில் குளம் கிடையாது, மற்ற நாளில் கொல்லைக் குழாயில் தலையோடு கால் குளித்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். விருந்தாளிப் பிள்ளைகளுக்கும் அதேதான். பொதுக் குளங்களில் மூக்கைத் துளைக்கும் "குளோரின் வாசனை" வருகிறதே, அது குளோரின் அதிகமானதால் வருவதில்லை. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் வாசனை அது. கண் எரிவதும் அதனால்தான். வாசனை வந்தால் குளோரினைக் குறைக்கத் தோன்றும். கூட்டித்தான் போட வேண்டும்.

மழைத் தண்ணீர்தானே, சுத்தமானதுதானே, மருந்து எதற்கு என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேரளாவில் 2024இல் குளத்தில் குளித்த பிள்ளைகள் மூளை தின்னும் அமீபாவால் இறந்த செய்தி எல்லாருக்கும் நினைவிருக்கும். சூடான, குளோரின் இல்லாத நன்னீரில்தான் அது வளரும், மூக்கு வழியாக ஏறும். குளோரின் அளவு சரியாக இருக்கும் தண்ணீரில் அதற்கு இடமில்லை. கொசுவும் அப்படித்தான். ஏடிஸ் கொசுவுக்குத் தேவை அசையாத, சுத்தமான தண்ணீர். கர்நாடக அரசு 2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, தண்ணீரைத் தேங்கவிடும் வீடுகளுக்கு அபராதம் என்றும் அறிவித்தது. ஓடும், குளோரின் போட்ட குளத்தில் கொசு வளராது. குளத்தை மூடிய தார்ப்பாயின் குழிவில் நிற்கும் மழைத் தண்ணீரில் வளரும்! அதை வாரம் இரண்டு முறையாவது வழித்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது குளத்தைப் பாதி வடித்துவிட்டுப் போவதும் தப்பு. ஒன்று, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிப் பம்பை ஓட்டச் செய்யுங்கள். இல்லையென்றால் முழுதாக வடித்துவிடுங்கள்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும். எங்கள் குளத்தில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் பத்தரை லிட்டர் போனதாக அர்த்தம். குளிக்காத நேரமெல்லாம் மூடி வைத்தால் ஆவியாவது நன்றாகக் குறையும். குறைவதை சம்பில், அதாவது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில், சேர்த்து வைத்த மழைத் தண்ணீரால் ஈடுகட்டுகிறோம். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை ஊற்றலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், போர் தண்ணீரின் உப்பு முழுதும் அதில்தான் இருக்கிறது. கசிவோ என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில் வைத்து, இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் எங்கோ ஓட்டை.

குழந்தைப் பாதுகாப்பில் சமரசமே இல்லை. இரண்டடித் தண்ணீர் ஒரு சின்னப் பிள்ளைக்குப் போதும், சத்தமும் வராது. ஏணி, குளிக்கும் நேரம் தவிர வீட்டுக்குள்தான். தண்ணீரில் யாராவது இருந்தால் பெரியவர் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடி தெளிவாகத் தெரியாத நாளில் யாரும் இறங்கக் கூடாது. பம்பு ஓடும்போதும் இறங்கக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். பம்புக்குத் தனி இணைப்பு, மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஈரத் தரையில் போட்டு ஓட்டுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன், பதறுகிறது.

செப்டம்பர் பிறந்தால் பழைய தண்ணீருக்கு விடைகொடுக்கும் வேலை. மொத்தமாக வடிப்பதில்லை. குளோரின் போடுவதை நிறுத்தி, மூடியைத் திறந்து சில நாள் வெயில் காட்டி, சோதனையில் நிறமே வராத நிலைக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். பம்பு மட்டும் ஓடும், அந்த நாட்களில் யாரும் இறங்குவதில்லை. கழிப்பறைக்கு, முற்றம் கழுவ, தென்னைக்கு. குளோரினோடு தெருக் கால்வாயில் விட்டால் அது ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும், அங்கே மீன் இருக்கிறது. பாதி காலியானதும் மாடிக் குழாயின் வால்வைத் திறந்துவிடுகிறோம். புது மழை வந்து சேரும்போது உப்பும் ஸ்டெபிலைசரும் பாதியாகக் குறையும். மறுபடி ஆப்ப சோடா, மறுபடி அளவு பார்த்தல். மட்டம் தாழ்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் உறையை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வசதி. ஓட்டை இருந்தால், பெட்டியோடு வந்த ஒட்டுத் துண்டை வட்டமாக வெட்டி ஒட்ட வேண்டும், சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து உரிந்துகொண்டு வரும்.